மூன்றாவது அசைவு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே தெய்வேந்திரனின் கைபேசிக்கு உத்தரவு வந்துவிட்டது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் ஏழு நாட்களுக்குள் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவருக்கு இது புதிதில்லை. இதற்கு முன் ஐந்து தேர்தல்களுக்கு ஒப்படைத்து வாங்கியிருக்கிறார். சூலப்பாறை மலையில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவதற்காக அவருடைய அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. எந்த உயிரின் மேலும் அவர் அதை நீட்டியதில்லை.

புதிதாக இருந்தது தூண்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறு வேறு இடங்களில், காரை நிறுத்தி விசாரிக்கப் போன காவலர்கள் மூன்று பேர் உள்ளே இருந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு, துப்பாக்கி இருக்கிற வண்டியை எந்தக் காவலரும் முதலில் நெருங்கத் தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது. மலைப்பாதைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் இரண்டு ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தூண்களை நட்டார்கள். ஒவ்வொன்றிலும் கேமராக்கள், ஒலிபெருக்கி, எழுத்து ஓடும் பலகை. வண்டியின் மோட்டாரை நிறுத்தவும் கதவைப் பூட்டவும் தூணால் முடியும். உரிமம் வைத்திருப்பவர்களின் வண்டியில் முன் இருக்கை இரண்டுக்கும் அரசு கொடுக்கும் பெல்ட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். தூண் சொன்னால் அந்த பெல்ட் இறுகும். மூன்றாவது எச்சரிக்கைக்கு மின்சாரம் பாய்ச்சும்.

உரிமத்தைப் புதுப்பித்த நாளில் இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். தெய்வேந்திரன் அதை நான்கு தடவை படித்தார். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. உறையில் போட்டு வண்டியின் பின்பக்கம் வைக்க வேண்டும். தோட்டாக்கள் தனிப் பெட்டியில். கிளம்பும் முன் பயணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்க வேண்டும், கேட்கும்வரை லைசென்ஸ் புத்தகத்தை எடுக்கப் போகக் கூடாது, அசையக் கூடாது. தாளில் எல்லா இடத்திலும் 'ஓட்டுநர்' என்றே இருந்தது.

மனைவி செண்பகத்திடம் அவர் அதைச் சொல்லவில்லை. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று அவள் கேட்டபோது, விபத்து நடந்தால் காப்பாற்றும் என்று மட்டும் சொன்னார். மின்சாரம் பாயும் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார் என்று எப்படிச் சொல்வது? அவள் அதன் பிறகு ஜீப்பில் ஏறவே மாட்டாள்.

செண்பகத்துக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. காது கேளாதோர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். பள்ளியில் கற்ற சைகை பாதி, இவர்கள் வீட்டில் உண்டானது பாதி என்று இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. ஜீப்பில் போகும்போது அவர் வலது கையால் ஓட்டிக்கொண்டு இடது கையால் அவளோடு பேசுவார். மலை இறங்கும் ஒன்றரை மணி நேரமும் பேச்சு ஓயாது.

அன்று அவளும் உடன் கிளம்பியதற்குக் காரணம் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு அப்படியே பல் டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. காலை ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டார்கள். தாளில் இருந்த எதையும் அவர் விடவில்லை. பயணத்தைப் பதிவு செய்ததற்கு 'பாதுகாப்பான பயணம் அமையட்டும்' என்று பதில்கூட வந்தது.

அடிவாரத்துக்கு இரண்டு வளைவுகள் மேலே மோட்டார் தானாக நின்றது. ஜீப் மெதுவாக ஓரங்கட்டி, தூணுக்கு நேர் எதிரில் போய் நின்றது. கதவுகள் நான்கும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன.

பின்பக்க இடது விளக்கு எரியவில்லை என்று தூண் அறிவித்தது. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியாத ஒரு குரல் அது. சற்று இடைவெளி விட்டு, வாகனத்தில் ஆயுதம் இருப்பதாகச் சொன்னது. ஓட்டுநர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைக்க வேண்டும், அருகில் இருப்பவர் கைகளை டாஷ்போர்டு மேல் வைக்க வேண்டும் என்றது.

தெய்வேந்திரன் உடனே வைத்துவிட்டார். செண்பகத்துக்கு வண்டி நின்றது மட்டும்தான் தெரியும். அவர் பக்கம் திரும்பி, வலது கையைத் தூக்கி விரலை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

முதல் எச்சரிக்கை என்றது தூண். அவள் தோளில் கிடந்த பெல்ட் ஒரு விரல் அகலம் இறுகியது.

யாராக இருந்தாலும் அப்போது கை பெல்ட்டுக்குத்தான் போகும். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தாள். விடாமல் இறுகவே, ஒரு கையை எடுத்துத் தொண்டையைக் காட்டி அவரிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள்.

இரண்டாவது எச்சரிக்கை. பெல்ட் இன்னும் இறுகியது. நின்று ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவளை நிறுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழி கைதான். அந்தக் கை ஸ்டியரிங்கில் இருந்தது. வாயால் "அசையாத, அசையாத" என்றார். அவருடைய மீசை அடர்த்தியானது. மேல் உதடு வெளியே தெரியாது. இருபத்தொரு வருஷத்தில் அவர் உதட்டைப் பார்த்துப் படிக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததேயில்லை. பயத்தில் அவள் கண் அவருடைய கைகளைத்தான் தேடியது.

கேமரா கண்ணாடி வழியாக இடுப்புக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்கும் என்பது அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. இடது காலை நீட்டி அவள் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினார். வலிக்கும்படி அழுத்தினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு டாஷ்போர்டைப் பார்த்தார். மறுபடி கைகள், மறுபடி டாஷ்போர்டு. அவள் அவருடைய விரல்கள் வெளுத்துப் போயிருப்பதைக் கண்டாள். மெல்லத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் டாஷ்போர்டு மேல் பதித்தாள்.

ஒத்துழைப்புக்கு நன்றி என்றது தூண்.

அவர் தூணைப் பார்த்து, என் மனைவிக்குக் காது கேட்காது, அவள் கையால்தான் பேசுவாள், அது தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பதில் வந்தது. யாராவது மனிதரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். ஏழு நிமிஷம் கழித்துக் குரல் மாறியது.

"சார், கட்டுப்பாட்டு அறையில இருந்து காவலர் ஜெசிந்தா பேசுதேன். கையை எடுக்காமப் பேசுங்க."

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. இளவயதுக் குரல். இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பதினோரு தூண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பிறகு சொன்னாள். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார்.

"அவங்களுக்கு இப்ப என்ன நடக்குன்னே தெரியாதா சார்?"

"தெரியாது மேடம். நான் இப்படி உக்காந்திருக்கிறதப் பாத்து உக்காந்திருக்கா. அவ்வளவுதான். அந்த ரெண்டு எச்சரிக்கைய மட்டும் அழிச்சு விட்டுருங்க. இன்னொரு தடவ கைய எடுத்துட்டான்னா…"

"எங்கிட்ட அதுக்குப் பொத்தான் இல்ல சார்."

முன்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று ஜெசிந்தா விளக்கினாள். தூண் வைத்த புதிதில் ஓர் ஆபரேட்டர், பாவம் வயசானவர் என்று ஒருவருக்கு எச்சரிக்கையை ரத்து செய்தார். அந்த வயசானவர் இறங்கி வந்து காவலரைச் சுட்டார். அதிலிருந்து, இரக்கப்படுகிற இடத்தில் ஆளை வைக்கக் கூடாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். ஆயுதம் இருக்கிற வண்டியைத் திறக்க வேண்டுமானால் உதவி ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து தூணில் தன் கைரேகையை வைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. வரட்டாறு காவல் நிலையத்து எஸ்.ஐ. திரவியம் கட்சிக் கூட்டத்துப் பாதுகாப்பில் இருக்கிறார். சொல்லியாகிவிட்டது. வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

தெய்வேந்திரன் கேட்க வேண்டியதைக் கேட்டார். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் யாருக்குப் பாயும்?

"அசையுதவங்க பெல்ட்டுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா அசைஞ்சா, துப்பாக்கி இருக்கிற பக்கம் யார் கை போகுதோ அவங்களுக்கு. ஒரு நேரத்துல ஒரு பெல்ட்டுக்குத்தான் போகும்."

"பாஞ்சா என்ன ஆகும்?"

"பெரும்பாலும் மயங்கி எந்திரிச்சிருவாங்க."

"பெரும்பாலும்னா?"

எஸ்.ஐ. கிளம்பிவிட்டாரா என்று மறுபடி கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள் ஜெசிந்தா.

ஜீப்புக்குள் வெப்பம் ஏறியது. மோட்டார் நின்றதும் ஏசியும் நின்றிருந்தது. கண்ணாடியை இறக்க முடியவில்லை. பங்குனி வெயில் நேராக முன்கண்ணாடியில் அடித்தது. செண்பகத்தின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. அவள் இமையை இறுக்கி இறுக்கித் திறந்தாள். துடைக்க விரல் துடிப்பதும் அவர் பாதத்தை அழுத்துவதும் விரல் அடங்குவதுமாக இருந்தது. அவர் தன் மனைவியைக் காலால் மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மேலேயிருந்து ஒரு பேருந்து இறங்கி வந்தது. தூணில் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அதில் ஒருவன் தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்க வருகிறவன். அவருக்கு முகம் தெரியும். பேருந்து போய்விட்டது.

செண்பகம் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தோள் குலுங்குவதையும் தூண் எடுத்துக்கொள்ளுமோ என்று அவருக்கு உயிர் போயிற்று. இன்னும் அரை மணி நேரம் அவளால் தாங்க முடியாது என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். அவளுக்கு விஷயம் தெரிந்தால் தாங்குவாள். தெரியாமல் இருப்பதுதான் அவளைக் கொல்கிறது என்றார்.

"அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா அண்ணே?"

சார் எப்போது அண்ணனானார் என்பதை அவர் கவனிக்கவில்லை. படிப்பாள் என்றார். பேப்பரில் தலைப்பெல்லாம் படிப்பாள்.

தூணின் பலகையில் ஜெசிந்தாவால் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. சாலைக்கென்று முன்பே எழுதி வைத்த இருபத்தாறு வாசகங்கள் இருந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவள் பட்டியலை மேலிருந்து கீழே வரை ஒரு தடவை படித்தாள். பிறகு பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது.

நில். கவனி.

செண்பகத்தின் கண் அங்கே போனது. ஜெசிந்தா அடுத்ததைப் போட்டாள். முன்னால் ஆபத்து. அதற்கடுத்து, நிதானம் தவறேல். பிறகு, காத்திருக்கவும். பிறகு மறுபடி, நில்.

சாலையில் போகிற லாரிக்கு அது ஒன்றோடொன்று ஒட்டாத வாசகங்கள். செண்பகம் உதடு அசைய ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். பலகையைப் பார்த்தாள், அவர் கைகளைப் பார்த்தாள், தன் தோளில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தெளிந்தது. அவர் பாதத்துக்கு அடியிலிருந்த தன் பாதத்தால் அவரை ஒரு தடவை மெதுவாகத் தட்டினாள். புரிந்தது என்று அர்த்தம். அப்படி ஒரு சொல் அவர்கள் பேச்சில் அதுவரை இல்லை.

ஜெசிந்தா விடவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பலகையை மாற்றிக்கொண்டே இருந்தாள். மற்ற பத்துத் தூண்களில் என்ன நடந்ததோ தெரியாது. ஒரு கட்டத்தில் அவசரத்தில் தவறிப்போய் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று வந்துவிட்டது. செண்பகம் அதைப் படித்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு, கண்ணீரோடு, ஒரு பக்கமாகச் சிரித்தாள். தெய்வேந்திரன் அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். இன்றைக்குத் தப்பித்துவிடுவோம் என்று அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம் எஸ்.ஐ. திரவியம் மோட்டார் பைக்கில் வந்தார். நல்ல மனிதர். ஜெசிந்தா வழியிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கண்ணாடியைத் தட்டிப் பயமுறுத்திவிடாதீர்கள், பின்னாலிருந்து வராதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் பைக்கைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, சாலையின் எதிர்ப்புறமாகச் சுற்றி, செண்பகத்தின் கண்ணில் படும்படி முன்பக்கமாக வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். தலையை ஆட்டினார். பிறகு தூணை நோக்கி நடக்கத் தொடங்கினார். பதினைந்து அடி இருக்கும்.

அந்தப் பதினைந்து அடிக்குள் செண்பகத்தின் கைகள் டாஷ்போர்டிலிருந்து எழுந்தன.

தெய்வேந்திரன் அதை ஓரக்கண்ணால்தான் கண்டார். போலீஸ்காரரைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தார். பின் இருக்கைக்கு அந்தப் பக்கம், துப்பாக்கி உறை கிடந்த இடத்தைப் பார்த்து உடம்பை முறுக்கிக் கையை வீசினார். நீட்ட முடிந்த அளவுக்கு நீட்டினார்.

எஸ்.ஐ.யின் கை இடுப்பிலிருந்த பிஸ்டலுக்குப் போனது. "சுடாதீங்க சார், சுடாதீங்க" என்று ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் கிழிந்தது. திரவியம் சுடவில்லை.

தூண் சரியாகத் தேர்ந்தெடுத்தது. மின்சாரம் தெய்வேந்திரனின் பெல்ட்டில் பாய்ந்தது. அவருடைய வலது தோள் வழியாக.

அவர் பிழைத்துக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டதில் நாலு தையல். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. தோளில் நரம்பு வெந்துவிட்டது என்றார்கள். வலது கை தோளிலிருந்து கயிறு மாதிரித் தொங்கியது. விரல் அசையவில்லை.

துப்பாக்கியை எஸ்.ஐ. தானே கொண்டுபோய் ஒப்படைத்து ரசீதும் எழுதி அனுப்பினார். தேர்தல் முடிந்தது. துப்பாக்கி திரும்பி வரவில்லை. சோதனையின்போது ஆயுதத்தை எடுக்க முயன்றதாக அவர் மேல் வழக்கு, உரிமம் ரத்து. பன்றிகள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தை உழுதுபோட்டன. அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

உண்மையில் எதைப் பற்றியும் பேச்சில்லை. அவர்களுடைய சொற்களில் பாதிக்கு இரண்டு கை வேண்டும். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பேசியது, பேச்சுக்கு நடுவே சொற்களை விழுங்குகிறவன் பேசுவது போல இருந்தது. அவள் புரிந்துகொள்வாள். ஆனால் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அன்று ஏன் கையைத் தூக்கினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அது குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். அவளும் சொல்லவில்லை. அவர் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் திரும்பிக்கொள்ளும்.

மூன்று மாதம் கழித்து விசாரணை நடந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு சின்ன அறை. நீள மேஜை, விசாரணை அதிகாரி, ஒரு எழுத்தர், சுவரில் திரை. தூணைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் அந்தத் திரையில் இருந்தார். ஜெசிந்தா சீருடையில் வந்திருந்தாள். தெய்வேந்திரன் அவளை அன்றுதான் முதலில் பார்த்தார். அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். அறிவிப்புப் பலகையை விதிக்குப் புறம்பாகப் பயன்படுத்தியதற்காக அவளுக்கும் மெமோ கொடுத்திருந்தார்கள். அவள் அவரிடம் வந்து, தொங்கிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தன் இடது கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

முதல் அரை மணி நேரம் எல்லாம் அவருக்கு எதிராகவே போனது. அவர் கை ஆயுதத்தை நோக்கி நீண்டது படத்தில் தெளிவாக இருந்தது. மனைவியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். தூண் விதிப்படி நடந்திருக்கிறது, அதில் பிழையில்லை என்று அதிகாரி சொன்னார். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது ஜெசிந்தா எழுந்தாள். தூணின் முழுப் பதிவேட்டைக் கேட்டு எழுதிப் போட்டிருந்ததாகவும், அது நேற்றுத்தான் வந்ததாகவும், அதைப் படிக்க அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டாள். தன் திரையில் வருவது சுருக்கம்தான், முழுப் பதிவேட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது என்றாள். அதிகாரி அதை அவளிடமிருந்து வாங்கி எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமான் பட்டியல் படிப்பது மாதிரி படித்தார்.

"பதினொண்ணு பதினேழு. பெண் பயணி, சைகை மொழி. பொருள்: என்ன ஆயிற்று. அசைவு ஒன்று. பதினொண்ணு பதினெட்டு. பெண் பயணி, சைகை மொழி. பொருள்: கழுத்தை இறுக்குகிறது. அசைவு இரண்டு."

அதிகாரி கையைக் காட்டிப் படிப்பதை நிறுத்தச் சொன்னார். திரையிலிருந்த பொறியாளரைப் பார்த்தார். தூணுக்கு இது புரிந்ததா என்று கேட்டார்.

பொறியாளர் சங்கடப்பட்டார். காது கேளாதவர்கள் தூண் முன்னால் நின்று புகார் கொடுக்க வசதியாகச் சைகை மொழி படிக்கும் பகுதி ஒன்று போன வருஷம் சேர்க்கப்பட்டது என்றார். அதற்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது.

"அப்ப புரிஞ்சுதான் எச்சரிக்கை குடுத்துச்சா?"

"மொழி படிக்கிற பகுதி வேற சார், அசைவை எண்ணுற பகுதி வேற. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. எண்ணுறதுக்கு அர்த்தம் தேவையில்லைன்னு விட்டுட்டோம். அதை மாத்தணும்னா அரசாணை வேணும்."

தெய்வேந்திரனுக்கு நாக்கில் தையல் போட்ட இடம் கூசியது. முதல் ஏழு நிமிஷமும் அவளுக்குக் காது கேட்காது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, ஏற்கெனவே அதைத் தெரிந்துவைத்திருந்த ஒன்றிடம்.

மீதியையும் படித்துவிடுங்கள் என்றார் அதிகாரி. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அடுத்த வரி தெரியும்.

எழுத்தர் விரலை வைத்துத் தேடி எடுத்தார்.

"பன்னிரண்டு ஒம்பது. பெண் பயணி, சைகை மொழி. பொருள்: வந்துவிட்டார், இனிப் பயமில்லை. அசைவு மூன்று."

தெய்வேந்திரன் உட்கார்ந்தபடியே இருந்தார். அவள் மிரளவில்லை. அவரைத் தேற்றியிருக்கிறாள். வெளுத்துப்போன விரல்களோடு ஐம்பத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்த புருஷனிடம் சொல்ல அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அது முடிந்ததும் நடந்ததைப் பார்த்தவள், மூன்று மாதமாக அந்த வார்த்தையைத் தனக்குள்ளேயே போட்டுப் பூட்டிக்கொண்டிருக்கிறாள்.

செண்பகம் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள். முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள்.

அவர் இடது கையைத் தூக்கி, நீ பேசியதை என்றார்.

எதை?

வந்துவிட்டார் என்று காட்டினார். அதற்கு ஒரு கை போதும். அடுத்ததற்கு இரண்டு கை வேண்டும். அவருடைய இடது கை நெஞ்சுக்கு முன்னால் பாதியில் நின்றது.

செண்பகத்தின் கண்கள் அந்தக் கையிலேயே இருந்தன. பிறகு தன் நாற்காலியை நகர்த்தி அவர் அருகில் வந்து, தன் வலது கையை எடுத்து அவருடைய இடது கைக்கு எதிரே வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சொல்லி முடித்தார்கள்.

எழுத்தர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.